வெளிச்சத்தில் நடந்தவர்: பெஹிஜே போரான்



1979ஆம் ஆண்டு மே முதல் நாள். இஸ்தான்புல் நகரில் ஊரடங்கு. கடைகள் இல்லை, பேருந்து இல்லை. சந்துக்குச் சந்து ராணுவம் நிற்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1977 மே தினத்தில், தக்சிம் சதுக்கத்தில் திரண்ட கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து, நெரிசலும் சேர்ந்து, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்த நினைவு ஆறவில்லை. அதனால்தான் இந்த ஆண்டு மே தினமே கூடாது என்று தடை. அந்த வெறிச்சோடிய நகரத்தில், மெர்தெர் என்ற பகுதியில், ஒரு கூட்டம் தெருவில் இறங்குகிறது. முன்னால் கண்ணாடி போட்ட, நரைத்த தலையுடன் ஓர் அம்மையார். இதய நோயாளி. அன்றைக்கு அவருக்கு 69ஆவது பிறந்தநாள். 1910 மே 1 அன்று பிறந்தவர் அவர். சிறிது தூரம் போவதற்குள் எல்லோரையும் கைது செய்கிறார்கள்.

இந்தக் காட்சியை முதலில் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. கைதாவது உறுதி என்று தெரிந்தும் ஏன் போனார்? வீம்பா? அவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து படித்த பிறகுதான் விடை கிடைத்தது. மறைந்து செய்கிற அரசியலில் அவருக்கு நம்பிக்கை இல்லை. சோசலிசத்தைப் பட்டப்பகலில், பெயரும் முகவரியும் கொடுத்து, சட்டப்படி நடத்த வேண்டும் என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கப் பிடித்த பிடிவாதம். கதவு சாத்தப்பட்டால் மறுபடி தட்டுவார். பின்வாசல் பக்கம் போகமாட்டார். அந்தப் பிடிவாதத்தின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

துருக்கி என்றால் நம் வாசகர்களுக்கு நாஜிம் ஹிக்மெத்தைத் தெரியும். அவருடைய கவிதைகள் தமிழில் வந்திருக்கின்றன. அவர் சிறையில் இருந்ததும் தெரியும். ஆனால் அவர் நம்பிய கொள்கைக்காக அந்த மண்ணிலேயே ஒரு வெளிப்படையான கட்சியை நடத்தி, நாடாளுமன்றத்துக்குப் போய், தலைவராகவும் இருந்த இந்தப் பெண்ணின் பெயரை இங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பெஹிஜே போரான் பிறந்தது பூர்சா நகரில். தாத்தா காலத்தில் ரஷ்யாவின் வோல்கா கரையிலிருந்து குடிபெயர்ந்து வந்த தாத்தார் இனக் குடும்பம். அப்பா தானிய வியாபாரி. 1920இல் கிரேக்கப் படை பூர்சாவைப் பிடித்தபோது அந்தக் குடும்பம் இஸ்தான்புல்லுக்கு வந்துவிட்டது. பொஸ்பரஸ் நீரிணைக் கரையில் அர்னாவுத்கோயில் இருந்த அமெரிக்கப் பெண்கள் கல்லூரியில் படித்து 1931இல் பட்டம் பெற்றார். மனிசாவில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. பிறகு உதவித்தொகை கிடைத்து 1934இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம். அங்கே சமூகவியல் படித்தார். மார்க்சியமும் அங்கேதான் படித்தார்.

அவருடைய முனைவர் ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1910 முதல் 1930 வரையிலான அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொழிலிலும் எந்த வயதுக்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்து, மனிதர்கள் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு எப்படி நகர்கிறார்கள் என்று கணக்கிட்ட ஆய்வு அது. முழக்கத்தில் தொடங்கியவர் இல்லை அவர். எண்ணிப் பார்ப்பதில் தொடங்கியவர்.

1939இல் ஊர் திரும்பி அங்காராவில் மொழி, வரலாறு, புவியியல் புலத்தில் ஆசிரியரானார். அங்கே அவருக்கு வாய்த்த சகாக்களைப் பாருங்கள். துருக்கியின் மதச்சார்பின்மை வளர்ச்சியைப் பற்றிப் பின்னாளில் பெரும் நூல் எழுதிய நியாசி பெர்கெஸ். நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் பெர்தெவ் நைலி பொராதாவ். சமூக உளவியலில் உலகப் புகழ்பெற்ற முசாஃபர் ஷெரிஃப். இந்த நண்பர்கள் சேர்ந்து 'யூர்த் வெ துன்யா', அதாவது தாய்நாடும் உலகமும், என்று ஓர் இதழ் நடத்தினார்கள். பிறகு 'அதும்லார்', காலடிகள், என்று இன்னொன்று. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. அங்காராவில் ஹிட்லருக்கு அனுதாபம் காட்டுகிறவர்களும் இனவாதம் பேசுகிறவர்களும் குறைவில்லை. அந்தச் சூழலில் இனவாதத்தை எதிர்த்து எழுதிய இதழ்கள் இவை. அடிப்பவர்களுக்கு முகவரி தேடவேண்டிய சிரமமே இல்லை. இதழின் முன்பக்கத்திலேயே பெயர்கள் அச்சாகியிருந்தன.

அதே காலத்தில் அவர் மனிசா வட்டாரத்துக் கிராமங்களுக்குப் போனார். முன்பு ஆசிரியையாக இருந்த ஊர்தான். இப்போது கையில் குறிப்பேடு. சமவெளியில் சந்தைக்காகப் பயிர் செய்கிற கிராமங்கள் ஒரு பக்கம், மலைமேல் தனக்குத்தானே விளைவித்துக்கொள்கிற கிராமங்கள் மறுபக்கம். இரண்டு வகையிலும் வீடு எப்படி இருக்கிறது, நிலம் யாரிடம் இருக்கிறது, பெண் என்ன வேலை செய்கிறாள், குடும்பத்தில் யார் சொல் செல்லும் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். 1945இல் அது 'சமூக அமைப்பு ஆய்வுகள்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வந்தது. 'கிராமத்தான் மாறவே மாட்டான்' என்கிற பேச்சு நகரத்துப் படிப்பாளிகளிடம் அன்றும் உண்டு. பிழைப்பின் வழி மாறினால் பழக்கமும் மாறும் என்பதை அவர் வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதினார். என் கணக்கில் அவருடைய மற்ற எழுத்துகளைவிட அதிகம் நிற்கக்கூடியது இந்தச் சின்ன நூல்தான். கட்சி மேடையில் அவர் பின்னாளில் பேசியவை காலத்தோடு கொஞ்சம் வெளுத்துவிட்டன. இது வெளுக்கவில்லை.

போர் முடிந்தது. பனிப்போர் தொடங்கியது. 1945 டிசம்பர் 4 அன்று இஸ்தான்புல்லில் 'தான்' என்ற இடதுசாரி நாளிதழின் அச்சகத்துக்குள் ஒரு கும்பல் நுழைந்து இயந்திரங்களை அடித்து நொறுக்கியது. அடுத்து பல்கலைக்கழகத்தின் முறை. 'கம்யூனிஸ்ட் ஆசிரியர்களை விரட்டு' என்று ஆர்ப்பாட்டம். 1947 டிசம்பரில் மாணவர் கும்பல் அங்காராப் பல்கலைக்கழகத்தில் புகுந்து துணைவேந்தரையே ராஜினாமா எழுதவைத்தது. போரான், பெர்கெஸ், பொராதாவ் மூவர்மீதும் விசாரணை. விசாரணையில் அவர்களை நீக்க முடியவில்லை. அப்போது அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. 1948இல் நாடாளுமன்றத்தில் பட்ஜெட்டைக் கையில் எடுத்து, அந்த மூவரின் பணியிடங்களுக்கான பணத்தையே வெட்டிவிட்டார்கள். ஆளை நீக்க முடியாவிட்டால் நாற்காலியை எடுத்துவிடு.

பொராதாவ் பாரிஸ் போனார். பெர்கெஸ் கனடாவுக்குப் போய் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஷெரிஃப் அதற்கு முன்பே அமெரிக்கா போய்விட்டார். அவர்கள் போனதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. போனதால்தான் அவர்களுடைய அறிவு உலகத்துக்குக் கிடைத்தது. போரானுக்கும் மிச்சிகன் பட்டம் இருந்தது, ஆங்கிலம் கைவந்த மொழி. அவர் போகவில்லை. நெவ்சாத் ஹாத்கோ என்ற மொழிபெயர்ப்பாளரை 1946இல் திருமணம் செய்திருந்தார். மொழிபெயர்ப்பு வேலையில் வந்த காசில் குடும்பம் நடந்தது.

1950 ஜூலை. கொரியப் போர் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புதிதாக ஆட்சிக்கு வந்திருந்த பிரதமர் மெண்டெரெஸின் அரசு, நாடாளுமன்றத்தைக் கேட்காமலே, 4,500 துருக்கி வீரர்களைக் கொரியாவுக்கு அனுப்புவதாக அறிவித்தது. நேட்டோவில் சேர அது கட்டிய நுழைவுக் கட்டணம் என்று சொன்னால் தவறில்லை. 1952இல் சேர்த்துக்கொண்டார்கள். போரான் அப்போது அமைதி விரும்பிகள் சங்கம் என்ற ஒன்றின் தலைவர். சங்கம் ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு துண்டறிக்கை அச்சடித்துத் தெருவில் கொடுத்தார்கள். போரை அறிவிக்கும் அதிகாரம் அரசியலமைப்புப்படி நாடாளுமன்றத்துக்குத்தான் உண்டு, அரசுக்கு இல்லை என்பது அவர்களுடைய வாதம். இதைக் கவனியுங்கள். எதிர்ப்பு தெரிவிக்கும்போதே சட்டப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெரிவிக்கிறார்கள். 15 மாதச் சிறை கிடைத்தது.

இங்கே ஒரு பின்னணி சொல்லாவிட்டால் அவர் பிடிவாதத்தின் எடை புரியாது. துருக்கியில் கம்யூனிஸ்ட் இயக்கம் பிறந்ததே மரணத்தில். 1921 ஜனவரியில் அதன் தலைவர் முஸ்தஃபா சுப்ஹியும் தோழர்களும் கருங்கடலில், படகில் வைத்துக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் கட்சி தலைமறைவு. 1936இல் முசோலினியின் இத்தாலியச் சட்டத்தைப் பார்த்து எழுதிய 141, 142 என்ற இரண்டு பிரிவுகள் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தன. ஒரு வர்க்கத்தின் ஆட்சிக்காக அமைப்பு கட்டினால் ஒன்று, அதைப் பற்றிப் பேசினால் எழுதினால் மற்றொன்று. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் துருக்கி இடதுசாரிகளின் ரகசியமும் சிறையும் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கும். ரகசியம் ஒரு பழக்கமாகிவிட்டால் அதிலிருந்து வெளியே வருவது கடினம். சந்தேகம், குழு மோதல், யார் உளவாளி என்கிற பேச்சு எல்லாம் அதோடு ஒட்டிக்கொள்ளும்.

1960இல் ராணுவம் மெண்டெரெஸைக் கவிழ்த்தது. அதற்குப் பின் வந்த 1961 அரசியலமைப்பு, விந்தையாக, துருக்கி அதுவரை கண்டதிலேயே தாராளமானது. வேலைநிறுத்த உரிமை, சங்க உரிமை, அரசியலமைப்பு நீதிமன்றம் எல்லாம் அதில் வந்தன. 1961 பிப்ரவரி 13 அன்று 12 தொழிற்சங்கத் தலைவர்கள் சேர்ந்து துருக்கித் தொழிலாளர் கட்சியைப் பதிவு செய்தார்கள். முதல் ஆண்டு கட்சி நொண்டியது. பிறகு மெஹ்மத் அலி அய்பார் என்ற சட்ட அறிஞரைத் தலைவராக அழைத்தார்கள். இளமையில் ஓட்டப்பந்தய வீரராகவும் இருந்த மனிதர். போரான் 1962இல் சேர்ந்தார்.

அந்தக் கட்சியின் விதிகளில் 53ஆவது பிரிவு ஒன்று உண்டு. பொறுப்புகளில் பாதியைத் தொழிலாளர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அது. படித்தவர்கள் வந்தால் பேச்சால் மேடையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று சங்கக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. பல்கலைக்கழக ஆசிரியையாக இருந்த போரான் அந்த விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் உள்ளே வந்தார். நம் இயக்கங்களில் எத்தனை இடத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறோம் என்று வீட்டுக்குப் போகும்போது யோசித்துப் பாருங்கள்.

1965 அக்டோபர் 10 தேர்தல். அந்தத் தேர்தலில் கட்சிகளுக்கு அரசு வானொலியில் நேரம் கொடுத்தார்கள். தொழிலாளர் கட்சியின் பேச்சுகளைக் காபிக் கடைகளில் கூட்டமாக உட்கார்ந்து கேட்டார்கள். அதுவரை அரசின் குரல் மட்டும் வந்த பெட்டியிலிருந்து நிலம், கூலி, அமெரிக்கத் தளங்கள் என்று வருகிறது. கட்சிக்குக் கிடைத்தது மூன்று சதவீதத்துக்கும் ஒரு முடி குறைவு. 2,76,000 ஓட்டு. நமக்குப் பழக்கமான முறையில், தொகுதியில் முதலில் வந்தவருக்கே வெற்றி என்றால், இந்த மூன்று சதவீதம் காற்றில் போயிருக்கும். துருக்கியில் அன்று 'தேசிய மீதி' என்று ஒரு கணக்கு இருந்தது. ஒவ்வொரு மாகாணத்திலும் இடம் பெறாமல் மிஞ்சிய ஓட்டுகளை நாடு முழுவதற்கும் சேர்த்துக் கூட்டி, மீதமுள்ள இடங்களைக் கட்சிகளுக்குப் பங்கிடுவார்கள். அங்கே ஐந்நூறு, இங்கே ஆயிரம் என்று சிதறிக் கிடந்தவை ஒன்றாகச் சேர்ந்தன. 450 பேர் கொண்ட அவையில் சுமார் 15 சோசலிஸ்ட்கள் போய் உட்கார்ந்தார்கள். போரான் தென்கிழக்கில் சிரியா எல்லையோரம் இருக்கும் உர்ஃபாவின் உறுப்பினர். ஆகாக்கள் எனப்படும் பெருநிலக்காரர்களின் மாகாணம் அது. குர்துகளும் அரபுகளும் வாழும் மண். மக்கள்தொகை அட்டவணையில் ஆராய்ச்சி தொடங்கிய ஒருவர், மீதி ஓட்டுகளின் கூட்டலில் நாடாளுமன்றம் போனார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

உள்ளே அவர்கள் இருந்த நான்கு ஆண்டுகள் சுகமானவை அல்ல. செத்தின் அல்தான் என்ற பத்திரிகையாளர் அந்த அணியில் ஒருவர். 1968இல் அவையின் உள்ளேயே ஆளுங்கட்சி உறுப்பினர்கள் அவரை அடித்தார்கள். போரான் வெளியுறவு பற்றி அதிகம் பேசினார். நேட்டோ, அமெரிக்காவோடு செய்த இருதரப்பு ஒப்பந்தங்கள், தளங்கள். கத்துகிற பேச்சு இல்லை, வகுப்பு எடுக்கிற பேச்சு. இன்னொரு வேலையும் அந்தக் கட்சி செய்தது. அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குச் சட்டங்களை எதிர்த்துப் போகும் உரிமையை ஓயாமல் பயன்படுத்தியது. 141, 142ஐயும் அங்கே எதிர்த்தது. நீதிமன்றம் அவற்றை நீக்க மறுத்தது.

ஆளுங்கட்சி கணக்கைப் புரிந்துகொண்டது. 1968இல் தேசிய மீதி முறையை ஒழித்தார்கள். 1969 தேர்தலில் கட்சியின் ஓட்டு 2.7 சதவீதம். பெரிதாகக் குறையவில்லை. இடங்கள் மட்டும் இரண்டாகச் சுருங்கின. போரானும் இடத்தை இழந்தார்.

கட்சியும் உள்ளே உடைந்துகொண்டிருந்தது. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்தன. அய்பார் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். சிரித்த முகமுள்ள சோசலிசம் என்று அவர் பேசத் தொடங்கினார். போரானும் கட்சியின் இன்னொரு தலைவரான சாதுன் அரெனும் உள்பட ஐந்து பேர் தலைமையை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். தலைவர் கட்சியைக் கேட்காமல் சொந்தக் கோட்பாட்டைக் கட்சியின் கோட்பாடாகப் பேசுகிறார் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. அதில் நியாயம் இருந்தது. ஆனால் பிராக் விஷயத்தில் அய்பார்தான் சரி என்பது என் தீர்ப்பு. சொந்த நாட்டில் சட்டத்தையும் வெளிச்சத்தையும் இவ்வளவு மதித்த ஒருவர், இன்னொரு நாட்டின் வெளிச்சத்தை டாங்கி கொண்டு அணைத்தபோது அதே அளவு கோபப்படவில்லை. அவரை மதிக்கிறேன் என்பதாலேயே இதைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை.

தெருவில் வேறொரு விவாதம் கொதித்தது. நாடாளுமன்றத்தால் ஒன்றும் நடக்காது, முற்போக்கு ராணுவ அதிகாரிகளை நம்பலாம் என்றது ஒரு பக்கம். துப்பாக்கி எடுப்போம் என்றார்கள் இளைஞர்கள். போரான் இரண்டையும் ஏற்கவில்லை. 1968இல் வெளியான 'துருக்கியும் சோசலிசப் பிரச்சினைகளும்' என்ற நூலில் தொழிலாளி வர்க்கத்தின் கட்சி, வெளிப்படையான அமைப்பு, சோசலிசம் என்ற நேர்வழியை வாதாடினார். இளைஞர்களுக்கு அவர் சலிப்பூட்டும் டீச்சராகத் தெரிந்திருக்க வேண்டும்.

1970 அக்டோபர் மாநாட்டில் அவர் கட்சித் தலைவரானார். நாடாளுமன்றத்தில் இடம்பெற்ற ஒரு கட்சிக்குத் துருக்கியில் ஒரு பெண் தலைவரானது அதுவே முதல் முறை. அதே மாநாட்டில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. துருக்கியின் கிழக்கில் குர்து மக்கள் வாழ்கிறார்கள், அவர்கள்மேல் தொடக்கத்திலிருந்தே அடக்குமுறை நடக்கிறது என்று அது சொன்னது. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் 'குர்து' என்ற ஒரு மக்களே இல்லை, அவர்கள் மலைத்துருக்கியர் என்று பேசிக்கொண்டிருந்த நாடு அது. சட்டப்படி இயங்கும் ஒரு கட்சி அந்தச் சொல்லை மாநாட்டுத் தீர்மானத்தில் எழுதிவைத்தது. 1971 மார்ச் 12இல் ராணுவம் குறிப்பாணை கொடுத்து அரசை இறக்கியது. ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் கட்சியை மூடியது. காரணம் அந்தத் தீர்மானம். போரானுக்கு 15 ஆண்டுச் சிறை. அப்போது அறுபது வயதைத் தாண்டியிருந்தார்.

1974இல் பிரதமர் எஜெவித்தின் அரசு பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. கூட்டணிக்குள் நடந்த பேரத்தில் 141, 142 கைதிகள் அதிலிருந்து விடுபட்டுப்போனார்கள். அந்த விலக்கை அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்ய, அவர்களுக்கும் கதவு திறந்தது. அவர் கட்சியை மூடிய அதே நீதிமன்றம்.

வெளியே வந்தவர் ஓய்வெடுக்கவில்லை. 1975 மே 1 அன்று, தன் 65ஆவது பிறந்தநாளில், அதே பெயரில் கட்சியை மறுபடி பதிவு செய்தார். இந்தமுறை கட்சி சிறியது. 1977 தேர்தலில் விழுந்த ஓட்டு ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குதான். இடதுசாரி இளைஞர் கூட்டம் வேறு பக்கம் போய்விட்டது. 1978 அக்டோபரில் அங்காராவின் பஹ்செலிஎவ்லெர் பகுதியில் ஒரு வீட்டில் இருந்த இந்தக் கட்சியின் மாணவர்கள் ஏழு பேரை வலதுசாரித் தீவிரவாதிகள் கொன்றார்கள். துப்பாக்கி வேண்டாம் என்று சொன்ன கட்சியின் பிள்ளைகள். ஏழு சவப்பெட்டிகளுக்குப் பிறகும் அந்த அம்மையார் வழியை மாற்றவில்லை. அதற்கு அடுத்த மே தினம்தான் நான் தொடக்கத்தில் சொன்ன மெர்தெர் தெரு.

1980 செப்டம்பர் 12. மீண்டும் ராணுவம். எல்லாக் கட்சிகளும் மூடப்பட்டன. எழுபது வயதில், 1948இல் போகாதவர், இப்போது நாட்டை விட்டுப் போனார். 1981இல் அவருடைய குடியுரிமையைப் பறித்தார்கள். பிரஸ்ஸல்ஸ் நகரில் வாழ்ந்தார். இதயம் மோசமாகிக்கொண்டே வந்தது. அங்கேயும் கூட்டம், அறிக்கை, இதழ். துருக்கிக்கு வெளியே தலைமறைவாக இயங்கிய கம்யூனிஸ்ட் கட்சியோடு தன் கட்சியை இணைக்க ஒப்புக்கொண்டார். இணைந்த கட்சி ஊர் திரும்பி, பெயரோடு, சட்டப்படி பதிவு கேட்க வேண்டும் என்பது திட்டம். 1987 அக்டோபர் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் பத்திரிகையாளர்களை அழைத்து அதை அறிவித்தார்கள். அவரும் மேசையில் உட்கார்ந்திருந்தார். சில நாட்களில், அக்டோபர் 10 அன்று, மாரடைப்பில் இறந்தார். 22 ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில்தான் அவரை உர்ஃபாவின் உறுப்பினராக்கிய தேர்தல் நடந்தது.

உடல் துருக்கிக்கு வந்தது. குடிமகளே இல்லை என்று அரசு எழுதிவைத்தவருடைய சவப்பெட்டியை, முன்னாள் உறுப்பினர் என்ற முறையில், அங்காராவில் நாடாளுமன்றத்தின் முன் வைத்தார்கள். ராணுவ ஆட்சிக்குப் பிறகு இடதுசாரிகள் அப்படி வெளிப்படையாக ஓரிடத்தில் கூடிய நாட்கள் மிகக் குறைவு. இஸ்தான்புல்லில் ஆயிரக்கணக்கானோர் பின்னால் நடக்க, ஜின்ஜிர்லிகுயு மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த மாதம் அவருடைய கட்சியின் செயலாளர் நிஹாத் சார்கனும், கம்யூனிஸ்ட் கட்சியின் ஹைதர் குத்லுவும், முன்கூட்டியே ஊரறியச் சொல்லிவிட்டு, விமானத்தில் அங்காராவில் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்திலேயே கைது. 141, 142 பிரிவுகளின்கீழ் வழக்கு. அந்த இரண்டு பிரிவுகளும் 1991 ஏப்ரலில் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டன. உயிரோடு இருந்திருந்தால் அதற்கடுத்த மே முதல் நாளில் பெஹிஜே போரானுக்கு 81 வயது.